மலை ரயிலை ஓட்டும் கைகளையும் காப்பாற்றுங்கள்: தென்னக ரயில்வே நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தென்னக ரயில்வே பொது மேலாளர் அவர்களுக்கும், சேலம் கோட்ட ரயில்வே மேலாளர் அவர்களுக்கும், நீலகிரி மலை ரயிலின் பொறுப்பில் இருக்கும் அனைத்து அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

குன்னூரில் பிறந்து, குன்னூரிலேயே பள்ளி ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் தந்தை இங்குள்ள லோகோ ஷெட்டில் ஃபிட்டராக இருந்தவர். எங்கள் வீட்டில் கடிகாரம் வாங்கியது நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போதுதான். அதுவரை மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும் வண்டியின் ஊதல்தான் எங்களுக்கு நேரம் சொன்னது. இந்த மடலில் தங்களிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான். மலை ரயிலின் என்ஜின்களையும் பாலங்களையும் நிலையக் கட்டடங்களையும் பாரம்பரியச் சொத்தாகப் பேணுவதுபோல, அந்த ரயிலை நாள்தோறும் மலையேற்றி இறக்கும் தொழிலாளர்களின் கைப்பழக்கத்தையும் காதுப்பழக்கத்தையும் பாரம்பரியச் சொத்தாகவே கருதுங்கள். அவற்றைப் பதிவு செய்து, அடுத்து வருகிறவர்களுக்கு முறையாகக் கற்றுக்கொடுக்க நிலையான ஏற்பாடு ஒன்றைச் செய்யுங்கள்.

இந்தப் பாதையைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்லித்தர எதுவுமில்லை. ஆயினும் இது பொதுவில் வைக்கப்படும் மடல் என்பதால், படிக்கிற மற்றவர்களுக்காகச் சிலவற்றை நினைவூட்டுகிறேன். நீலகிரிக்கு ரயில் விடும் யோசனை 1854-லேயே எழுந்தது. 1873-இல் மேட்டுப்பாளையம் வரை அகலப் பாதை வந்துவிட்டாலும், அதற்கு மேல் மலையேறுவதற்குக் குதிரை பூட்டிய டோங்காவும் மாட்டுவண்டியுமே கதி என்று இன்னும் கால் நூற்றாண்டு கழிந்தது. 1891-இல் வேலை தொடங்கிற்று. தொடங்கிய கம்பெனி சில ஆண்டுகளில் நொடித்துப்போக, வேறொரு கம்பெனி அதை எடுத்து நடத்தி, 1899-இல் குன்னூர் வரை வண்டி வந்தது. உதகைக்கு வண்டி போய்ச் சேர்ந்தது 1908-இல். ஏறத்தாழ 46 கிலோமீட்டர் தூரத்தில், 16 குகைகளையும் 250 பாலங்களையும் 208 வளைவுகளையும் கடந்து, 326 மீட்டர் உயரத்திலிருந்து 2,203 மீட்டர் உயரத்துக்கு இந்த மீட்டர்கேஜ் பாதை ஏறுகிறது. 1999-இல் டார்ஜிலிங் மலை ரயிலுக்குக் கிடைத்த உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற தகுதியை 2005-இல் யுனெஸ்கோ நீலகிரிக்கும் விரிவுபடுத்தியது. 2008-இல் கல்கா–சிம்லா பாதை அந்த வரிசையில் சேர்ந்தது. இந்த மூன்றிலும், அவ்வளவு ஏன், இந்தியாவிலேயே, பல்தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு ஏறும் ரயில் நம்முடையது ஒன்றுதான்.

அந்த ஒன்றே என்பதில்தான் என் கவலை இருக்கிறது. டார்ஜிலிங்கில் ஒரு டிரைவர் ஓய்வு பெற்றால், நீராவி என்ஜின் தெரிந்த இன்னொருவரை நாட்டின் வேறு மூலையிலிருந்து அனுப்பி ஓரளவு சமாளித்துவிடலாம். கல்லாறு முதல் குன்னூர் வரை பல்தண்டவாளம் போட்ட அந்த 20 கிலோமீட்டரைத் தெரிந்தவரை எங்கிருந்து வரவழைப்பது? பன்னிரண்டு அடி நடந்தால் ஓரடி உயர்கிற ஏற்றம் அது. சாதாரணத் தண்டவாளத்தின் வழவழப்பில் சக்கரம் வழுக்கிவிடும் என்பதால், சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த முறைப்படி, இரு தண்டவாளங்களுக்கும் நடுவே இரண்டு பல்தண்டுகள் பக்கம்பக்கமாகப் போடப்பட்டிருக்கின்றன. ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் இருக்கும். என்ஜினின் அடிவயிற்றில் இருக்கும் பல்சக்கரங்கள் அவற்றைக் கவ்விக்கொண்டு ஏறும். இந்தப் பாதையில் ஓடும் எக்ஸ் வகை நீராவி என்ஜினுக்குச் சிலிண்டர்கள் நான்கு. கீழே இருக்கும் இரண்டில் வேலை செய்து முடித்த நீராவியே மேலே இருக்கும் இரண்டுக்கும் போய்ப் பல்சக்கரங்களைச் சுழற்றுகிறது. கல்லாற்றைத் தாண்டியதும் வண்டி ஆள் நடக்கும் வேகத்துக்குக் குறைந்து, பல்லும் பல்லும் பொருந்துகிற அந்த நொடியில் சின்னதாய் ஓர் உலுக்கல் வரும். பெட்டியில் இருப்பவர்களில் பாதிப் பேர் அதைக் கவனிப்பதில்லை. ஆனால் அந்த உலுக்கல் மென்மையாக வருவதும் முரட்டுத்தனமாக வருவதும் நீராவியைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரைப் பிடித்திருக்கும் கையைப் பொறுத்தது. அந்தக் கை அதைக் கற்றுக்கொள்ளப் புத்தகம் மட்டும் போதாது.

ஏறும்போது என்ஜின் வண்டிக்குப் பின்னால் இருந்து தள்ளுகிறது என்பது தங்களுக்குத் தெரிந்ததுதான். பள்ளத்துப் பக்கம் என்ஜின் இருந்தால்தான் எந்தப் பெட்டியும் கழன்று உருளாது என்பதற்காக முன்னோர் செய்த ஏற்பாடு அது. ஆனால் அதன் விளைவாக, வண்டியை ஓட்டுகிற டிரைவருக்கு எதிரே பாதை தெரியாது. பெட்டிகளின் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் அவர் மலையேறுகிறார். பாதையைப் பார்ப்பவர், முன்பெட்டியின் திறந்த மேடையில் பிரேக் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிரேக்ஸ்மேன். அவர் காட்டும் கொடி, அடுத்த பெட்டியின் மேடையில் நிற்பவர் வழியாகப் பின்னால் போய் என்ஜினை அடைகிறது. டிரைவரின் ஊதலோ பின்னாலிருந்து முன்னால் வருகிறது. ஓர் ஊதலுக்குப் பிரேக்கை இறுக்க வேண்டும், வேறோர் ஊதலுக்குத் தளர்த்த வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் ஆள் என்று நிற்கும் இவர்கள் எல்லோரும் ஒரே மனிதனின் கைகால்கள்போல வேலை செய்தால்தான், இறங்கும்போது ஒரு பெட்டி இன்னொன்றின் மேல் இடிக்காமல், ஏறும்போது கொக்கி இழுபடாமல், வண்டி ஒரே சீராகப் போகும். மழையில், மூடுபனியில், குகைக்குள் புகையில் இதைச் செய்ய வேண்டும். நின்ற நிலையிலேயே செய்ய வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குப் புறப்படும் வண்டியில், என் பேத்தியை அழைத்துக்கொண்டு முன்பெட்டியில் வந்துகொண்டிருந்தேன். பாக்குத் தோப்புகள் முடிந்து, பல்தண்டவாளம் பிடித்து, அடர்லி நிலையத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது. முன்மேடையில் நின்ற பிரேக்ஸ்மேன் இளைஞர். முப்பது வயதுகூட இருக்காது. திடீரென்று அவர் தலையைச் சற்றே சாய்த்தார். நாங்கள் யாரும் எதையும் பார்க்கவுமில்லை, கேட்கவுமில்லை. அவர் ஒரு கையில் சிவப்புக் கொடியைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டே மறுகையால் சக்கரத்தைச் சுற்றினார். பின்னால் ஊதல் கேட்டது. வண்டி ஒரு பெருமூச்சோடு நின்றது. அதன் பிறகுதான் வளைவுக்கு அப்பால் மூங்கில் முறிகிற சத்தம் எங்கள் காதில் விழுந்தது. குட்டியோடு மூன்று யானைகள், பாதையோரத்தில் நின்றுகொண்டிருந்தன. பெட்டிக்குள் இருந்தவர்கள் போன்களைத் தூக்கிக்கொண்டு எழுந்தபோது அந்த இளைஞர் திரும்பி, உதட்டில் விரல் வைத்து, உட்காரும்படி கையமர்த்தினார். பத்து நிமிடம் போல நின்றிருப்போம். யானைகள் கடந்து, பள்ளத்துப் பக்கம் இறங்கி மறைந்த பின், அவர் பச்சைக் கொடியை உடனே காட்டவில்லை. குட்டி ஏதாவது பின்தங்கி இருக்கிறதா என்று இன்னும் ஒரு நிமிடம் காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குன்னூரில் இறங்கியதும் அவரிடம் போய், எப்படித் தெரிந்தது தம்பி என்று கேட்டேன். வாடை வந்தது சார் என்றார். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டதற்கு, தம்மோடு இரண்டு ஆண்டுகள் அடுத்த பெட்டியில் நின்ற பெரியவர் ஒருவர் சொல்லிக்கொடுத்ததாகச் சொன்னார். எந்த வளைவில் எந்த மாதத்தில் யானை இறங்கும், எந்தப் பாறை மழைக்குப் பின் கசிந்தால் அது கெட்ட சகுனம், எந்தக் குகையின் வாயில் காற்று எதிர்த்து அடிக்கும் என்பதெல்லாம் அந்தப் பெரியவர் காட்டிக்காட்டிச் சொன்னவையாம். அந்தப் பெரியவர் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் சொன்னதில் எவ்வளவு இந்த இளைஞரிடம் தங்கியிருக்கும், இந்த இளைஞர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனால் அதில் எவ்வளவு இங்கே மிஞ்சும் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. இந்த மடலுக்கு வித்து அதுதான்.

ஷெட்டின் கதையும் இப்படித்தான். பள்ளிப் பருவத்தில் மதியம் அப்பாவுக்குச் சோற்றுத் தூக்கு கொண்டுபோவது என் வேலை. என்ஜினின் கீழே இருக்கும் குழியிலிருந்து அவர் ஏறி வரும்போது, உள்ளங்கை ரேகைகளில் எல்லாம் எண்ணெய்க் கறுப்பு ஓடியிருக்கும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அந்த ரேகை வெளுக்காது. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுச் சின்னச் சுத்தியலைக் கையில் கொடுத்து, சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு ஆணிகளைத் தட்டச் சொன்னார். தட்டினேன். "ரெண்டும் ஒரே சத்தமா கண்ணு?" என்றார். ஆமாம் என்றேன். இன்னொரு முறை தட்டச் சொன்னார். மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு தட்டச் சொன்னார். அப்போதுதான் ஒன்றின் ஒலி கொஞ்சம் சீக்கிரம் அடங்குவது எனக்குக் கேட்டது. "அது தளர ஆரம்பிச்சிருச்சு. இன்னிக்கு ஒண்ணும் ஆகாது. ஹில்குரோவுக்கு மேல நாளைக்கு ஆகும்" என்று, ஏற்றத்தின் நடுவில் இருக்கும் ஹில்குரோவ் நிலையத்தைச் சொல்லிவிட்டு, சாப்பாட்டைக்கூடத் தொடாமல் அதை முதலில் முறுக்கினார். சக்கர அச்சின் தாங்குபெட்டி சூடேறியிருக்கிறதா என்று பார்க்க அவர் புறங்கையைத்தான் வைப்பார். உள்ளங்கை காய்த்துப்போயிருந்ததால் அதற்குச் சூடு தெரியாது என்பார்.

இப்போதைய ஷெட்டில் அளவுக் கருவிகள் கூடியிருக்கின்றன, கூடுவது நல்லதுதான். விரிசலை ஒலியலை கொண்டு கண்டுபிடிக்கும் கருவிக்கு முன்னால் என் அப்பாவின் சுத்தியலை உயர்த்திப் பேசுவது என் நோக்கமன்று. ஆனால் பல பத்தாண்டுகளுக்கு முன் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் வார்க்கப்பட்டு, இங்கே பலமுறை பிரித்துச் சேர்க்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் ஏறிப்போன இயந்திரங்கள் இவை. ஓர் என்ஜினுக்கு நீர் மட்டம் இவ்வளவு இருந்தால் போதும், இன்னொன்றுக்கு ஏற்றத்தில் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்ற அறிவு வரைபடத்தில் இருக்காது. வேலை செய்தவரின் உடம்பில் இருக்கும்.

இப்படிப்பட்ட அறிவு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் ரயிலின் உடன்பிறப்புகளே சாட்சி. வியட்நாமில், கடற்கரைச் சமவெளியிலிருந்து தா லாத் மலைநகருக்கு ஏறிய 84 கிலோமீட்டர்ப் பாதையும் மீட்டர்கேஜ்தான். அதிலும் ஆப்ட் முறைப் பல்தண்டவாளம்தான், விண்டர்தூர் என்ஜின்தான். போரின்போது அந்தப் பாதை கைவிடப்பட்டு, போர் முடிந்தபின் தண்டவாளங்களும் பெயர்த்தெடுக்கப்பட்டன. இன்று தா லாத் நிலையத்திலிருந்து அடுத்த ஊர் வரை ஏழு கிலோமீட்டருக்குச் சுற்றுலா வண்டி ஓடுகிறது; மலையேற்றம் அதில் இல்லை. அங்கே துருப்பிடித்துக் கிடந்த என்ஜின்களை 1990-இல் சுவிட்சர்லாந்துக்காரர்கள் வாங்கிக் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். எதற்காக? அவர்கள் நாட்டில் ஃபுர்கா கணவாயின் மேல் ஓடிய பழைய மலைப் பாதை, 1982-இல் அடியில் சுரங்கப் பாதை திறக்கப்பட்டதால் தேவையற்றுப் போயிருந்தது. அதைக் காப்பாற்ற முனைந்த ஆர்வலர்கள் சங்கம் அமைத்து, கோடை விடுமுறைகளில் தாங்களே மண்வெட்டி பிடித்து, கொதிகலன் பிரித்து, பழைய தொழிலாளர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டுக்கேட்டு, பாதை முழுவதையும் மீண்டும் திறந்து முடிக்க 2010 ஆகிவிட்டது. ஒரு தலைமுறைக் காலம்! சுவிட்சர்லாந்திலேயே, அவ்வளவு வசதியும் அவ்வளவு தொழில்நுட்பமும் உள்ள நாட்டிலேயே, அறுந்த நூலை முடிபோட அத்தனை காலம் பிடித்தது. நம்மிடம் நூல் இன்னும் அறவில்லை. 1899-இல் தொடங்கி, கையிலிருந்து கைக்கு வந்துகொண்டே இருக்கிறது. உலகின் எந்தப் பாரம்பரிய ரயிலுக்கும் இது எளிதில் வாய்க்காத பாக்கியம்.

தென்னக ரயில்வேக்கு இதன் அருமை தெரியாது என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். நீராவி என்ஜின் செய்வதையே உலகம் மறந்துவிட்ட காலத்தில், திருச்சி பொன்மலைப் பணிமனையில் இந்தப் பாதைக்காகவே புதிய எக்ஸ் வகை என்ஜின்களை இந்த நூற்றாண்டில் செய்து அனுப்பியவர்கள் தாங்கள். எண்ணெயில் ஓடுபவற்றுக்குப் பின் நிலக்கரியில் ஓடுவதையும் அங்கே செய்தார்கள். அதன் செய்தியைப் படித்த அன்று, அப்பா உயிரோடு இருந்திருக்கக்கூடாதா என்று நினைத்தேன். அதேபோல, பாதையோரம் எழுப்பிய சுவர் யானைகளின் வழியை மறிக்கிறது என்று தெரியவந்ததும் அதை இடித்துவிட்டதையும் இந்த மலை நன்றியோடு நினைக்கிறது. புது என்ஜின் செய்யும் அளவுக்குத் துணிந்த நிர்வாகத்திடம்தான், அந்த என்ஜினை ஓட்டப்போகும் ஆளை உருவாக்கும்படி கேட்க முடியும். இரும்பைப் பொன்மலையில் வார்த்துவிடலாம். ஹில்குரோவ் மூடுபனியில் ஊதலைப் பிரித்தறியும் காதை ஹில்குரோவில்தான் வார்க்க முடியும்.

ஆகவே நான் வேண்டுபவை இவை. முதலாவது, பயிற்சி. குன்னூர் ஷெட்டிலும் மேட்டுப்பாளையத்திலும் மலை ரயிலுக்கென்றே ஒரு பயிற்சிப் பிரிவு, பெயரளவில் அன்றி, பொறுப்பாளரும் பாடத்திட்டமும் உள்ளதாக அமைய வேண்டும். ஏற்கெனவே நடந்து வரும் பயிற்சிகள் அதனுள் சேரட்டும். ஓய்வு பெற்ற டிரைவர்களையும் பயர்மேன்களையும் பிரேக்ஸ்மேன்களையும் ஃபிட்டர்களையும், உடம்பில் தெம்பு உள்ளவரை, மதிப்பூதியத்தோடு அழைத்து வந்து, புதிதாகச் சேர்ந்தவர்களோடு ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் முழுதாக நிற்க வையுங்கள். ஏன் இரண்டு பருவம் என்றால், வெயில் காலத்துத் தண்டவாளமும் வடகிழக்குப் பருவமழைத் தண்டவாளமும் வேறுவேறு என்பதால். மலைப் பாதையில் பழகியவர்களை மாற்றும்போது, அவர்களுக்குப் பதிலாக வருபவர் போதிய காலம் உடன் நின்று பழகிய பின்பே மாற்றல் நடைமுறைக்கு வர வேண்டும் என்று ஒரு விதி செய்யுங்கள். பதவி உயர்வு வேண்டுமென்றால் மலையை விட்டு இறங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை எந்தத் தொழிலாளிக்கும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். திறமைசாலி இங்கேயே இருந்து உயர வழி இருந்தால் இங்கேயே இருப்பார்.

இரண்டாவது, பதிவு. இதில் தாமதத்துக்கு இடமே இல்லை, ஏனெனில் நிலக்கரிக் காலத்தில் வேலை செய்த பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கடந்த சில ஆண்டுகளில் மட்டும் எங்கள் தெருவிலிருந்து மூன்று பேரை மயானத்துக்கு அனுப்பியிருக்கிறோம். மூவரும் ஷெட்டில் வேலை பார்த்தவர்கள். மிச்சம் இருப்பவர்களை அவர்கள் வீட்டுத் திண்ணையிலும் ஷெட்டிலும் பாதையிலும் உட்கார வைத்து, நிற்க வைத்து, செய்து காட்டச் சொல்லிப் படம்பிடித்து வையுங்கள். கேள்வி கேட்பவர் ரயில்வே வேலை தெரிந்தவராக இருக்க வேண்டும். பழங்கதை கேட்பதற்காக அன்று, கைவேலையைத் தெரிந்துகொள்வதற்காகக் கேட்க வேண்டும். அந்தப் பதிவுகளிலிருந்து தமிழிலேயே ஒரு கையேடு எழுதப்பட வேண்டும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஷெட்டிலும் பாதையிலும் நூறாண்டுகளாகப் புழங்கும் மொழி தமிழ். ஆங்கிலச் சொற்கள் தமிழ் வாயில் உருமாறி, படுகர்களும் கன்னடக்காரர்களும் மலையாளிகளும் தங்கள் சொற்களைக் கொடுத்து, அது தனியொரு தொழில்மொழியாக வளர்ந்திருக்கிறது. என்ஜின் "இருமுகிறது" என்று அப்பா சொன்னால், எந்தக் கோளாறு என்று அடுத்த ஃபிட்டருக்கு உடனே தெரியும். அந்தச் சொல்லை வேறு மொழியில் எழுதினால் கோளாறே மாறிப்போகும்.

மூன்றாவதாக நான் கேட்பது பயிற்சியோடு சேர்ந்ததுதான், ஆனால் பயணிகளையும் தொடும். கைப்பழக்கம் என்பது நாள்தோறும் செய்வதால் வருவது. எனவே குன்னூருக்குக் கீழே நீராவி வண்டியின் அன்றாட ஓட்டம், பருவமழை அனுமதிக்கும் நாள்களில் எல்லாம், எக்காரணம் கொண்டும் குறைந்துவிடக்கூடாது. சிறப்பு வண்டிகளும் குழுவாகப் பதிவு செய்யும் வண்டிகளும் வரட்டும். அவற்றால் வருமானம் கிடைக்கும், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவை அன்றாட வண்டியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் நாள் வந்தால், வாரத்துக்கொரு முறை பாடுகிறவர் குரல்போல இந்தத் தொழிலும் கட்டிக்கொள்ளும். அந்த அன்றாட வண்டியில் முன்பதிவு இல்லாத பெட்டியும் எப்போதும் இருக்க வேண்டும். வெலிங்டனிலும் அரவங்காட்டிலும் கேத்தியிலும் லவ்டேலிலும் ஏறி இறங்குகிறவர்களுக்கு இது காட்சி வண்டி அன்று. அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவர்களும், உதகைக்குப் படிக்கப் போன பிள்ளைகளும் இதில்தான் போனார்கள். நானே கல்லூரிக்கு இதில்தான் போனேன். கேத்திப் பள்ளத்தாக்கின் கேரட் வயல்கள் மேல் மஞ்சு விலகுவதைப் பார்த்துக்கொண்டே மனப்பாடம் செய்த செய்யுள்கள் இன்றும் மறக்கவில்லை. இவர்கள் ஏறிக்கொண்டிருக்கும் வரைதான் பிரேக்ஸ்மேனை, கார்டை, தண்டவாளத்தைப் பார்த்து நடக்கும் கீமேனைப் பெயர் சொல்லி அழைக்கும் மனிதர்கள் வண்டிக்குள் இருப்பார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் அந்த வேலைக்குப் போக வேண்டும் என்ற ஆசை வரும்.

கீமேன் என்றதும் பாதையில் நடப்பவர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2009 நவம்பரில் நீலகிரியில் மலை சரிந்து பலர் உயிரிழந்த துயரத்தின்போது, இந்தப் பாதையும் பல இடங்களில் அடித்துச் செல்லப்பட்டது. கீழே மண் இல்லாமல் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிய காட்சியை இங்குள்ளவர்கள் மறக்க மாட்டோம். மாதக்கணக்கில் வண்டி இல்லை. லாரி போக வழியில்லாத சரிவில், கல்லையும் கட்டையையும் கையாலும் தோளாலும் கொண்டுபோய்ப் பாதையை மீட்டுக் கொடுத்தவர்கள் பாதைத் தொழிலாளர்கள். ஒவ்வோர் ஐப்பசி கார்த்திகையிலும் விடியும் முன்பே கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கையில் விளக்கோடு, வண்டிக்கு முன்னால் நடந்து பாதையைப் பார்த்து வருகிறவர்கள் அவர்கள். எந்தச் சரிவு எந்த அளவு மழையைத் தாங்கும் என்ற அவர்களுடைய கணக்கு, மழைமானியின் கணக்கோடு சேர்த்து எழுதி வைக்கப்பட வேண்டும். மழை பெய்யும் விதமே மாறி வருகிற இந்தக் காலத்தில், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பாதுகாப்புக்கும் உதவும். சரிவுகளில் உணர்கருவி பொருத்துவதையும், முன்பெட்டியில் கேமரா வைப்பதையும் நான் எதிர்க்கவில்லை. வாடை பிடித்து வண்டியை நிறுத்திய அந்த இளைஞருக்குத் துணையாக அவை வரட்டும். அவருடைய இடத்துக்கு வர வேண்டாம்.

பயணிகளிடமும் இதைச் சொல்லியாக வேண்டும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதைப் பொம்மை ரயில் என்று கூப்பிடுகிறார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள் என்பது தெரியும், என்றாலும் அதைக் கேட்கும்போதெல்லாம் என் மனம் சுருங்கும். பொம்மையை யாரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவதில்லை. நிர்வாகத்தின் அறிவிப்புகளிலும் பலகைகளிலுமாவது அந்தப் பெயரைத் தவிர்த்து, மலை ரயில் என்றே எழுதுங்கள். மேட்டுப்பாளையத்தில் வண்டி புறப்படும் முன், அன்று ஓட்டும் டிரைவர் யார், பயர்மேன் யார், ஒவ்வொரு பெட்டியிலும் நிற்பவர் யார் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதிய ஒரு கரும்பலகையை நடைமேடையில் வைத்தால் ஆகும் செலவு ஒரு டப்பா சுண்ணக்கட்டி. ஹில்குரோவில் என்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்கும் நேரத்தில், வடையும் தேநீரும் வாங்க இறங்கும் பயணிகள், அந்தக் கறுத்த கையைக் குலுக்கிப் பெயர் சொல்லி நன்றி சொல்ல அது வழி செய்யும்.

என் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் நீல அட்டை போட்ட நோட்டுப் புத்தகங்கள் நான்கு இருக்கின்றன. பென்சிலில், தமிழில், ஒவ்வோர் என்ஜினுக்கும் ஒரு பகுதி ஒதுக்கி, எந்தத் தேதியில் எந்த உறுப்பு தேய்ந்தது, எந்தச் சத்தத்துக்கு என்ன காரணமாக இருந்தது, எந்த மாற்றுவேலை பலித்தது, எது பலிக்கவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார். சில பக்கங்களில் எண்ணெய் விரல்தடம் பதிந்திருக்கிறது. அம்மா திட்டியிருப்பார்கள் போலும், பின்னால் வரும் பக்கங்கள் கொஞ்சம் சுத்தமாக இருக்கின்றன. இவற்றை இதுநாள் வரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன். மேலே நான் சொன்ன பதிவு வேலையைத் தாங்கள் தொடங்கும் நாளில், நான்கையும் குன்னூர் ஷெட்டுக்கு நானே கொண்டுவந்து ஒப்படைக்கிறேன். புரியாத சொற்களுக்குப் பொருள் சொல்லப் பக்கத்தில் உட்காரவும் தயாராக இருக்கிறேன். எனக்குத் தெரியாதவற்றைச் சொல்ல, அப்பாவோடு வேலை பார்த்த இரண்டு பெரியவர்கள் இன்னும் இந்த ஊரில் இருக்கிறார்கள். ஒருவருக்கு எண்பத்தாறு வயது, மற்றவருக்கு எண்பத்தொன்பது. இருவரும் சம்மதித்துவிட்டார்கள்; தேதி மட்டும் சொல்லுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர்,
குன்னூர்